சர்வரிடம் கேட்டீர்களா?

எங்கள் திருச்சி ஹோட்டலின் ஏசி ஹாலில் சிகரெட் பற்றவைத்த வாடிக்கையாளரை வெளியே போகச் சொன்ன சர்வர் தம்பி, அதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை இரவே, கேக் வெட்டிய அதே மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். அதையும் ஒருவர் படம் பிடித்தார். ஆகவே விஷயம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

நடந்ததை மறுபடி விவரித்து அவனை இன்னொரு தடவை அங்கே நிற்க வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வாடிக்கையாளர் மீது எனக்குப் பெரிய கோபமும் இல்லை. ஏசி ஹாலில் குழந்தைகளுக்கு நடுவே சிகரெட்டைப் பற்றவைப்பவரிடம் நான் வேறெதையும் எதிர்பார்ப்பதில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது திங்கட்கிழமை நம் நண்பர் ஒருவர் எழுதியது. படித்தவர், நான் மதிப்பவர். சண்டையைத் தீர்த்துவைக்கிற பெரிய மனதோடு எழுதியிருந்தார்: ஹோட்டலில் வேலை செய்பவர்களுக்கே இது ஒரு பொருட்டில்லையாம், அவர்களில் பாதிப் பேர் பின்வாசலில் நின்று ஊதுபவர்கள்தானாம், நடுவில் நமக்கு ஏன் இந்த ஆவேசம் என்று கேட்டிருந்தார்.

ஐயா, எந்த ஹோட்டல்காரரைக் கேட்டீர்கள்? முதலாளியையா, கல்லாவில் இருப்பவரையா? சர்வரிடம் கேட்டீர்களா?

பத்தொன்பது வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்போது என்னைச் சூப்பர்வைசர் என்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூடும், டிப்ஸ் கிடையாது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். இத்தனை வருடங்களில் ஒரு வாடிக்கையாளர்கூட என் முகத்தைப் பார்த்து, பற்றவைக்கட்டுமா, உனக்குத் தொந்தரவா என்று கேட்டதில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். எதிரே இருக்கும் பெண்களிடம் சாரி சொல்லியிருக்கிறார்கள். தலைக்கு மேல் குனிந்து சாம்பார் ஊற்றுகிறவனுக்கு மூக்கு உண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். ஆஷ்ட்ரே வைக்கக்கூடாது என்பது சட்டம். எனவே முதல் ஹோட்டலில் அதற்கென்று ஒரு டபரா வைத்திருந்தோம். ஓரம் நசுங்கியது; அதுதான் அடையாளம், காப்பிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் மடித்த டிஷ்யூ ஒன்று. டபரா வரும்வரை பொறுக்காதவர்கள் மிச்சமிருக்கும் சட்னியில் குத்தி அணைப்பார்கள். தேங்காய்ச் சட்னியில் சிகரெட் அணையும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். பிறகு ஒரு நாற்றம் வரும். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போவோம், ஏனென்றால் பில் இன்னும் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் நண்பர் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.

‘தம்பி, ஒரு கிங்ஸ் வாங்கி வா, மீதியை வைத்துக்கொள்’ என்று அனுப்பினால் ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறேன். மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே நின்றிருக்கிறேன். இதை மறைக்கவில்லை. அந்த மீதிக் காசை வைத்து என் அபிப்பிராயத்தைக் கணக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருட்கள் சட்டம். பொது இடங்களில் புகைப்பது பற்றிய அதன் இப்போதைய விதிகள் 2008 அக்டோபர் 2 முதல், காந்தி ஜெயந்தி அன்று, அமலுக்கு வந்தன. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். எங்கள் ஹாலில் ஒரு மீல்ஸும் ஐஸ்கிரீமும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம் தனியாக ஒரு புகைக்கும் இடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான்கு பக்கமும் முழுச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகை வெளியேற வழி எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியமானது 2017இல் செய்த திருத்தம். அந்த அறைக்குள் எதையும் பரிமாறக்கூடாது. டீகூடக் கொண்டுபோகக் கூடாது. அதாவது, சர்வர் உள்ளே போய் அந்தப் புகையில் நிற்கக்கூடாது என்கிறது விதி. எனக்கு மூக்கு உண்டு என்று டெல்லியில் யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. திருச்சிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அயர்லாந்தில் 2004 மார்ச் 29 அன்று பப் உட்பட எல்லா வேலையிடங்களிலும் புகைக்கத் தடை போட்டார்கள். நாடு முழுவதற்கும் அப்படிப் போட்ட முதல் நாடு அதுதான். வாடிக்கையாளரைத் திருத்த அல்ல, அங்கே வேலை செய்பவர்களின் உடம்பைக் காப்பாற்றத்தான் அந்தத் தடை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நாம் மட்டும்தான் எப்போது பார்த்தாலும் புகைப்பவரின் உரிமை, பக்கத்து மேசைக்காரரின் உரிமை என்று இரண்டு பேரை வைத்தே பஞ்சாயத்து நடத்துகிறோம். தட்டோடு நிற்கும் மூன்றாவது ஆள் கணக்கிலேயே இல்லை.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். ஒன்பது வருடம் கோலாலம்பூரில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், இருந்தேன். அறந்தாங்கிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போயிருப்பார்கள். இருபத்து நான்கு மணி நேரக் கடை. மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாராக இருந்தாலும் ‘அனே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ‘அண்ணே’தான் அங்கே அப்படி ஆகிவிட்டது. கால்பந்து ஆட்டம் இருக்கும் இரவுகளில் பெரிய திரைக்கு முன்னால் நூறு பேர் இருந்தால் அறுபது சிகரெட் எரியும். தே தாரிக் (அங்கத்து ஆற்றிய பால் டீ) தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்பேன். தட்டு புகைக்கு மேலே போகும், நான் புகைக்குள்ளே போவேன்.

2015இல் பெண் பார்க்க ஊருக்கு வந்தேன். ஜாதகம் பொருந்தியது, பெண்ணுக்கும் சம்மதம். பெண்ணின் தாய்மாமன் மட்டும் என் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட சட்டையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்று கேட்டார். நான் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை என்று சொன்னேன். என் அம்மாவே நம்பவில்லை. துவைத்துத்தான் கொண்டுவந்தேன், வேலைக்குப் போட்ட சட்டை அது என்று சொல்லச் சொல்ல எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. (பிறகு நடந்த கல்யாணத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் மனைவி இதைப் படிப்பாள்.)

2019 ஜனவரி 1 முதல் மலேசியாவில் எல்லா உணவகங்களிலும் தடை வந்தது. மேசை நாற்காலியிலிருந்து மூன்று மீட்டருக்கு அப்பால் போய்த்தான் புகைக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் சில மாதங்கள் நானே அந்தத் தடைக்கு எதிரிதான். புகை எனக்குப் பிடித்துப்போனது என்பதால் அல்ல. ‘சார், இங்கே கூடாது’ என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்ததால். பெர்மிட்டில் வேலைக்கு வந்தவன் அந்த நாட்டுக்காரரிடம் போய் எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு எந்த மொழியிலும் ஒரே பொருள்தான். அந்த ஆண்டு முழுக்க எச்சரிக்கை மட்டும்தான், அபராதம் இல்லை என்பதால் எவரும் பயப்படவும் இல்லை. புகைப்பவர்கள் சிலர் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். அக்டோபரில் வழக்குத் தள்ளுபடி ஆனது. 2020 ஜனவரியில் அபராதம் தொடங்கியது. எங்கள் முதலாளி தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டார். அதன் பிறகு நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கோட்டைக் காட்டினால் போதும், நாற்காலியை விட்டுவிட்டுத் தாங்களாகவே எழுந்து போனார்கள்.

காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் பத்து நிமிடம் இருமுவது அப்போது என் பழக்கமாக இருந்தது. எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியவில்லை. கீழ்க்கட்டிலில் படுத்திருந்த பரமக்குடிக்காரர்தான், ‘இப்போதெல்லாம் உன் அலாரம் அடிப்பதில்லையே’ என்றார்.

இது உன் ஒருவன் கதை என்பீர்கள். சரி. கலிபோர்னியாவில் 1998இல் மதுக்கூடங்களில் தடை வந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் 53 பார்டெண்டர்களைத் தடைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தார்கள். முன்னால் 39 பேருக்கு இருமல், இளைப்பு போன்ற மூச்சுக் கோளாறுகள். ஓரிரு மாதங்களில் அவர்களில் 23 பேருக்கு அது இல்லை. அந்த 53 பேரில் சிகரெட் பிடிப்பவர்களும் இருந்தார்கள் என்பதை நண்பர் தயவுசெய்து கவனிக்க வேண்டும். பின்வாசலில் ஊதுகிறவனுக்கும் முன்வாசல் புகை தனியாகச் சேரும். ஆமாம், எங்களில் பலர் பிடிக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்பவனுக்கு உட்கார அனுமதி கிடைக்கும் ஒரே காரணம் அந்த ஐந்து நிமிடச் சிகரெட். சிகரெட் பிடிக்காதவனுக்கு அந்த ஐந்து நிமிடமும் கிடையாது. இதையும் எங்கள் மீதே குற்றமாகச் சொல்கிறீர்கள்.

வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள். மாமாக் கடைகளில் இப்போதும் உட்கார இடம் கிடைப்பதில்லை. அவ்வளவுதான் பதில்.

அப்படியானால் அரசு சிகரெட்டையே தடை செய்யட்டுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இருபது வருடமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே பற்றவைக்கிறார்கள்.

இன்னொருவர், தோசைக்கல் புகை மட்டும் உடம்புக்கு நல்லதா என்று மடக்கியிருக்கிறார். மடங்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் புரோட்டா மாஸ்டர் நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் கண் எரியும். புகைபோக்கி போன தீபாவளியிலிருந்து ஓடவில்லை. ஆனால் இந்த அக்கறை உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஏன் வரவில்லை? சிகரெட்டை அணைக்கச் சொன்ன பிறகுதானே மாஸ்டரின் நுரையீரல் உங்கள் நினைவுக்கு வந்தது?

கனடாவில் ஹெதர் குரோ என்று ஒரு பெண்மணி இருந்தார். நாற்பது வருடம் உணவகங்களில் பரிமாறியவர். ஒரு நாளும் புகைத்ததில்லை. 2002இல் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். வேலையால் வந்த நோய்தான் என்று இழப்பீட்டு வாரியம் ஒப்புக்கொண்டது. அந்த நாட்டு அரசின் விளம்பரத்தில் தோன்றி, ஊர் ஊராகப் போய்ப் பேசி, 2006இல் இறந்துபோனார். நான்கு வருடம் அவர் பேசியதைக் கேட்க அங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே எங்கள் தம்பி பேசியது ஒரே ஒரு வாக்கியம். ‘சார், குழந்தைகள் இருக்கிறார்கள், வெளியே போய்ப் பிடியுங்கள்.’ எனக்கு மூச்சு முட்டுகிறது என்றுகூட அவன் சொல்லவில்லை. தன்னைக் காரணமாகச் சொன்னால் எடுபடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டான். அதற்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது ‘டேய்’. அந்த மேசையில் இருந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்த ‘டேய்’யைத் தடுக்கவில்லை. சிகரெட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அந்தச் சொல்தான் காதில் நிற்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து அவனைப் பார்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வாடிக்கையாளருடன் பேச வேண்டியதில்லை. அவனுக்கும் அதுதான் நல்லது என்கிறார் முதலாளி.

எங்கள் ஹாலில் ஒரு பலகை இருக்கிறது. விதிப்படி 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர், இங்கே புகைப்பது குற்றம் என்று எழுதியிருக்கும். கீழே, யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்பதும் விதி. திறந்த நாளிலிருந்து அந்த இடம் காலி. நேற்று இரவு நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்த பிறகு ஐம்பது ரூபாய்க்கு ஒரு மார்க்கர் வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, அதில் என் பெயரை எழுதினேன். கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. முதலாளி இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.