ஈர்க்குச்சி வீசினால் கல்லூரியின் தரம் இறங்கிவிடுமா?

நம் கல்லூரி ஆசிரியர் குழுவில் வந்த அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழுவில் இருக்கிற எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். முதலாமாண்டுப் பிள்ளைகள் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈர்க்குச்சி வீசுகிறார்கள். ஒரு பெண் நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறாள். பாடம் எடுக்கிற கௌரவ விரிவுரையாளர், வீடியோவைப் போட்டவர், ஓரமாக நிற்கிறார். அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு மூத்த பேராசிரியர் "இது காலேஜா, பால்வாடியா?" என்று எழுத, வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். சாயங்காலத்துக்குள் அந்த அம்மா வீடியோவை எடுத்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அங்கே நடந்ததைக் கவனித்தீர்கள்? தரையில் சாக்பீஸால் 10 செ.மீ. இடைவெளியில் இணைகோடுகள். குச்சி ஒவ்வொன்றும் 5 செ.மீ. வீசிய குச்சிகளின் எண்ணிக்கையை, கோட்டின் மேல் விழுந்த குச்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஏறக்குறைய பை (π, 3.14) வருகிறது. பிரான்சின் அறிஞர் புஃபோன் 1777-இல் வெளியிட்ட கணக்கு இது. வட்டமே இல்லாத இடத்தில் பை எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், பதில் சொல்ல சைன் (sin) சார்பைத் தொகையிட வேண்டும், நிகழ்தகவைப் பரப்பளவாகப் பார்க்க வேண்டும். ஆயிரம் தடவை வீசினாலும் விடை 3.0, 3.2 என்று அலையும். இன்னொரு தசம இடம் சரியாக வர வேண்டுமென்றால் நூறு மடங்கு வீச வேண்டும். ஏன் பத்து மடங்கு போதாது என்பது புள்ளியியலின் அடிப்படையான பாடம். இதில் எது பால்வாடி? துடைப்பத்தில் உருவிய குச்சிக்கு என்ன செலவு?

கையால் செய்து பார்ப்பது பாடத்துக்கு மேலே தூவுகிற சர்க்கரை என்று நினைக்கிறீர்கள். நான் சொல்வது, பாடமே அங்கேதான் இருக்கிறது என்று. இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

பெருமம், சிறுமம் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏ4 தாள், 21 செ.மீ.க்கு 29.7. நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி மடித்தால் மூடியில்லாத பெட்டி. எவ்வளவு வெட்டினால் அதிகம் கொள்ளும்? வேறு துறைப் பிள்ளைகளுக்கான அலைடு மேத்ஸ் வகுப்பில் இதை நான் ஒவ்வொரு வருஷமும் செய்கிறேன். ஒரு பெஞ்சுக்கு ஒரு தாள், மொத்த வகுப்புக்கும் ஒரு பை பொரி. ஒரு குழு 2 செ.மீ. வெட்டும், ஒரு குழு 4, ஒரு குழு 6. ஆறு வெட்டியவர்கள் தங்கள் பெட்டிதான் உயரம், அதனால் அதுதான் அதிகம் கொள்ளும் என்று அடித்துச் சொல்வார்கள். 4 செ.மீ. பெட்டி நிறையப் பொரி அள்ளி அந்த 6 செ.மீ. பெட்டியில் கொட்டினால் மேஜையெல்லாம் சிதறும். கணக்குப் போட்டால் 1128-க்கு எதிராக 956 கன செ.மீ.தான். அப்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

அதற்கு அப்புறம்தான் உண்மையான விஷயம். 4 செ.மீ. பெட்டிக்கும் 4.5 செ.மீ. பெட்டிக்கும் வித்தியாசத்தைப் பொரியால் சொல்ல முடியாது. 1128, 1118. உச்சியை நெருங்க நெருங்க, கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் கொள்ளளவு அசையவே மாட்டேன் என்கிறது. வகைக்கெழு, அதாவது மாறும் வேகம், பூஜ்ஜியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. "சார், அதுக்காகத்தான் ஜீரோவுக்கு சமம்னு போடுறோமா?" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் கேட்டான். பிளஸ் டூவில் அந்தச் சமன்பாட்டை எழுதி எழுதியே மார்க் வாங்கி வந்த பிள்ளை அவன். பிறகுதான் வகையிட்டோம், வெட்ட வேண்டியது 4.04 செ.மீ. என்று வந்தது. பொரி தடுமாறிய இடத்தில் நுண்கணிதம் எதற்கு வேண்டும் என்பதும் அவர்களுக்குப் புரிந்தது.

நானும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன்தான். பகுமுறை வடிவியல் வகுப்பில் முதல் மாதம் முழுவதும் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஒருநாள் எங்கள் சார் ஸ்வீட் கடையில் லட்டுக்கு அடியில் போடுகிற பட்டர் பேப்பரை ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அடியில் ஒரு கோடு, அதற்கு மேலே ஒரு புள்ளி. கோட்டில் உள்ள ஒவ்வொரு இடமும் அந்தப் புள்ளியின் மேல் உட்காரும்படி மடித்துக்கொண்டே போகச் சொன்னார். மடிப்புகள் நெருங்க நெருங்க, நாங்கள் யாரும் வரையாத ஒரு பரவளையம் தாளில் எழுந்தது. புள்ளிதான் குவியம், கோடுதான் இயக்குவரை, மடிப்பு ஒவ்வொன்றும் தொடுகோடு. அன்றைக்கு நான் கணிதத்தில் நிலைத்துவிட்டேன். இல்லையென்றால் டிசி வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

தாள் மடிப்பு சின்னப் பிள்ளை வேலை என்கிறவர்களுக்கு ஒரு தகவல். தாள் மடித்து வடிவியல் கற்பிக்க டி. சுந்தர ராவ் எழுதிய புத்தகம் 1893-இல் நம் சென்னையில்தான் அச்சானது. ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் அதைத் தன் நூலில் குறிப்பிட்டார். 1901-இல் அமெரிக்காவில் பதிப்பித்தார்கள். க்ளைனுக்குக் கௌரவக் குறைவாகத் தெரியாதது நமக்குத் தெரிகிறது.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை" என்பார்கள். நியாயமான கஷ்டம்தான், மறுக்கவில்லை. பெட்டிக்கு ஒரு பீரியட் போகும். ஆனால் புரியாத பிள்ளைக்கு அதே கணக்கை மூன்று தடவை போர்டில் போடுகிறோமே, அந்த நேரத்தை யார் எண்ணுகிறார்கள்? "ஜியோஜிப்ரா மென்பொருளில் காட்டிவிடலாமே" என்பார்கள். காட்டுங்கள், நானும் காட்டுகிறேன். ஆனால் திரையில் ஸ்லைடரை நகர்த்துவது நாம். பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். "பரீட்சையில் பொரியா கேட்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

"விளம்பரத்துக்கு வீடியோ போடுகிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். யாருக்கு விளம்பரம்? மே மாதச் சம்பளம் கிடையாது, அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாது. முதலாமாண்டு வகுப்புகளை அவர் தலையில் கட்டிவிட்டு, எம்.எஸ்சி. வகுப்புகளை நாம் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் விட்டுவிட்டு ஓடுவது முதலாமாண்டில்தான். அங்கே நிற்பவர் அவர். தன் கைக்காசில் பொருள் வாங்கி, துறையில் யாருக்கும் தொந்தரவு தராமல் வராந்தாவில் வகுப்பு எடுத்தவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். திருப்பிப் பேசினால் வேலை போய்விடும் என்பது சிரித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பேராசிரியர் ஒருவர் அதே வீடியோவைப் போட்டிருந்தால் கைதட்டியிருப்பீர்கள்.

அந்தக் கமெண்டை எழுதியவர் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியாக போனில் கேட்டால் போதாது. எல்லாரும் பார்க்கத்தான் எழுதினீர்கள், அதே குழுவில் எழுதிக் கேளுங்கள்.