திராட்சை கொடியில் தொங்கும்போதே புது ஒயின் விருந்தா?

செப்டம்பர் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் வட இத்தாலியின் தெற்குத் திரோலில் உள்ள எங்கள் ஐசாக் பள்ளத்தாக்கின் சாலையோரங்களில் "தோர்கெலன் விருந்து, புது ஒயின், சுட்ட செஸ்ட்நட்" என்று பலகைகள் முளைத்துவிட்டன. பலகைக்குப் பின்னாலேயே திராட்சைத் தோட்டம் தெரிகிறது; அதில் குலைகள் இன்னும் கொடியில்தான் தொங்குகின்றன. மேலே சரிவில் நிற்கும் செஸ்ட்நட் மரங்களில் முள்ளுறைகள் பச்சை மாறாமல் மூடிக் கிடக்கின்றன. பறிக்காத திராட்சையிலிருந்து எந்த ஒயினை ஊற்றுகிறார்கள், உதிராத கொட்டையை எந்த நெருப்பில் சுடுகிறார்கள் என்று கேட்பாரில்லை. ஆஸ்திரிய எல்லையிலுள்ள பிரென்னர் கணவாயைக் கடந்து வரும் பேருந்துகளோ நிரம்பி வழிகின்றன. பிரிக்சன் நகருக்கு அருகே பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இந்த விருந்து எப்படிப்பட்டது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இத்தாலியின் வடகோடியில் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் தெற்குத் திரோல், முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி. இன்றும் இங்கே பெரும்பாலோரின் தாய்மொழி ஜெர்மன்தான். அறுவடை முடிந்து, சாறு பிழிந்து, களைத்த கைகள் ஓய்ந்த பிறகு, அக்கம்பக்கத்தாரும் பறிக்க வந்து உதவியவர்களும் ஒரு பண்ணை வீட்டிலிருந்து இன்னொரு பண்ணை வீட்டுக்கு நடந்து போய், அந்த ஆண்டின் ஒயினைச் சுவைத்து, வீட்டில் இருப்பதைப் பகிர்ந்து உண்பதே தோர்கெலன். 1784-ஆம் ஆண்டில் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப், விவசாயி தன் விளைபொருளையும் தன் ஒயினையும் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று ஆணையிட்டார். அந்த மரபில் வந்த 'புஷன்ஷாங்க்' என்னும் பண்ணை உணவகங்களில்தான் இன்று இந்த விருந்து நடக்கிறது. வாசலில் பசுங்கொத்து தொங்கினால் உள்ளே ஒயின் உண்டு என்று பொருள். ஆக, வேலை செய்தவர்களுக்கு வேலை முடிந்தபின் கிடைக்கும் நன்றி விருந்து இது. அந்த வேலை தொடங்குவதற்கு முன்பே விருந்தை விற்கிறார்கள் என்பதுதான் என் குமுறல்.

ஒயின் யாருடைய அவசரத்துக்கும் கட்டுப்படாது. ஐசாக் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் உயரமான, குளிர்ந்த சரிவுகளில் இருப்பவை. சில்வானர், கெர்னர் போன்ற வெள்ளைத் திராட்சைகள் பல இடங்களில் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்தான் பறிக்கப்படுகின்றன. பிழிந்த சாறு முதலில் வெறும் இனிப்புதான். சில நாள்களில் ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்னத் தொடங்கியதும் அது கலங்கி, நுரைத்து, நாக்கில் சுருக்கென்று குத்தும் பானமாகிறது. இங்குள்ளவர்கள் அதை 'ஸூஸர்' என்கிறார்கள். இனிப்பாக இருக்கிறதே என்று குடித்துக்கொண்டே போனால் தலைக்கேறியது எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். புட்டியில் ஊற்றி இறுக மூட முடியாது, வாயு பெருகி வெடித்துவிடும். நிலவறையிலோ கரியமில வாயு தரையோடு தரையாகத் தேங்கும் என்பதால், பழைய விவசாயிகள் கையில் மெழுகுவத்தியை ஏந்திக்கொண்டுதான் படியிறங்குவார்களாம். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். இந்தக் கொதிப்பெல்லாம் அடங்கி, வண்டல் படிந்து, புது ஒயின் ஓரளவு தெளிந்து மேசைக்கு வர நவம்பர் ஆகிவிடும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள், இங்கே உழவு ஆண்டின் கணக்கு முடிக்கும் நாளாக இருந்தது: குத்தகையும் கூலியும் அன்று தீர்க்கப்பட்டன, புது ஒயினும் அன்றுதான் வாயில் பட்டது. நவம்பர் 25, புனித கேத்தரின் நாளோடு ஆட்டமும் பாட்டும் நின்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக்காலம் நெருங்கிவிடும். இந்த இடைவெளிக்குள் அடங்கிய ஒன்றைச் செப்டம்பருக்கு இழுத்தால், மேசையில் இருப்பது போன ஆண்டின் ஒயினாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால், வெப்பமான சமவெளியிலிருந்து லாரியில் வந்த வேறு யாருடையவோ சாறாக இருக்க வேண்டும். போன ஆண்டு ஒயின் குற்றமில்லை, நல்ல ஒயின்தான். அதைப் புதுசு என்று சொல்லி ஊற்றுவது பொய். கதிர் அறுக்காமலே புத்தரிசிப் பொங்கல் என்று ஊரைக் கூட்டிப் பானை ஏற்றுபவரை நாம் என்னவென்று சொல்வோம்?

செஸ்ட்நட்டின் கதை இதைவிட மோசம். நாய்ஷ்டிஃப்ட் மடாலயத்தின் பக்கத்திலிருந்து ஃபெல்ட்தூர்ன்ஸ், கிளாவ்சன், பார்பியன், ரிட்டன் வழியாக போட்சன் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. அதற்குப் பெயரே செஸ்ட்நட் பாதைதான். வழியெங்கும் முதிர்ந்த மரங்கள். அக்டோபரில் முள்ளுறை வெடித்துக் கொட்டைகள் உதிரும்போது, அன்றன்று குனிந்து பொறுக்கியெடுக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை, புழு, அணில் எல்லாம் முந்திக்கொள்ளும். பொறுக்கியதைத் தரம் பிரித்து, ஓட்டில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, துளையிட்ட இரும்புச் சட்டியில் கொட்டி, விறகு நெருப்பின் மேல் குலுக்கிக் குலுக்கிச் சுட்டு, துணியில் பொதிந்து சற்று நேரம் வேர்க்கவிட்டால்தான் உள்தோல் கழன்று வரும். சூடு ஆறுவதற்குள் உரித்து, வெண்ணெய் தடவி, புது ஒயினோடு உண்டால் அதற்கு ஈடே இல்லை. இதற்கு ஓர் ஆள் நெருப்பின் முன்னால் மணிக்கணக்கில் நின்றாக வேண்டும். சென்ற இலையுதிர் காலத்தில் நான் போன ஓர் இடத்தில், எங்கோ வாங்கிய உறைந்த கொட்டைகளை மின்னடுப்பில் வாட்டி, மரக்கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓடு தோலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உள்ளே மாவு காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது. சன்னலுக்கு வெளியே அந்த வீட்டின் சொந்த மரத்தடியில் கொட்டைகள் பொறுக்க ஆளின்றி அழுகிக் கிடந்தன. அதைக் கண்டபின் என்னால் ஒரு வாய்கூட உண்ண முடியவில்லை.

உணவிலும் அதே கதிதான். முதலில் பார்லி சூப். பிறகு கீரையும் பாலாடைக்கட்டியும் பொதிந்த அரைநிலா வடிவ மாவுப் பண்டமான ஷ்லுட்ஸ்கிராப்ஃபன். அதன்பின் உப்பிலிட்ட இறைச்சி, இரத்தத் தொத்திறைச்சி, வீட்டுத் தொத்திறைச்சி, ரொட்டி உருண்டை, புளிக்கவைத்த முட்டைக்கோஸ் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய தட்டு மேசையின் நடுவில் வரும். கடைசியில் கசகசா அல்லது பழக்கூழ் வைத்துப் பொரித்த கிராப்ஃபன் என்னும் இனிப்புப் பலகாரம். குளிர் இறங்கியதும் பன்றி அறுப்பார்கள், அதனால்தான் அந்தப் பருவத்தில் அந்த இறைச்சி. நடுவில் வைத்த தட்டிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்வதால், பக்கத்தில் இருக்கும் முன்பின் அறியாதவருக்குத் தட்டை நகர்த்தித்தான் ஆக வேண்டும், இரண்டு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். விருந்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இப்போது பல இடங்களில் ஆளுக்கொரு தட்டு, அளவெடுத்த பங்கு, முன்கூட்டியே கட்டிய பணம். ஒலிபெருக்கி வைத்து ஒருவர் அலற, எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. பாதி தட்டு மிச்சம். அது நேரே குப்பைக்குப் போகிறது. ஆண்டு முழுவதும் வளர்த்த விலங்கின் இறைச்சியை இப்படிக் கொட்டுவதைப் பார்க்கும்போது ஏற்படும் கோபத்தை எப்படி அடக்குவது?

இந்த ஊர்க்காரர்களுக்கு இடம் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அக்டோபர் சனிக்கிழமை ஒன்றுக்கு நான்கு பேருக்கு மேசை கேட்டுத் தொலைபேசினால், "எத்தனை பேர்? நான்கு பேர்தானா? பேருந்துக் குழு இருக்கிறது, முடியாது" என்று பதில் வருகிறது. இரக்கப்பட்டு இடம் கொடுப்பவர்களும், ஐந்தரை மணிக்கு வந்து ஏழரைக்கு எழுந்துவிட வேண்டும், அடுத்த குழு காத்திருக்கும் என்று நிபந்தனை போடுகிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இளமையில் இதே சரிவுகளில் கூடை சுமந்து திராட்சை பறித்தவர். தான் பறித்த தோட்டத்தின் வீட்டிலேயே இப்போது தனக்கு மேசை இல்லை என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. நன்றி சொல்ல ஏற்பட்ட விருந்தில் நன்றிக்கு உரியவரே வாசலில் நிற்பதா?

நடந்து வர வேண்டும் என்பதையும் அடியோடு மறந்துவிட்டார்கள். நடை இந்த வழக்கத்தின் பாதி. வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும்போதுதான் உண்டது செரிக்கிறது, குடித்தது தெளிகிறது. அதை விட்டுவிட்டு, ஒரு வண்டிக்கு மட்டுமே அகலமுள்ள மலைப்பாதையில் பெரும் பேருந்தை ஏற்றி, வளைவில் சிக்கவைத்து, பால் வண்டியையும் அறுவடை டிராக்டரையும் மறித்து நிற்கிறார்கள். சொந்தக் காரில் வருகிறவர்களில் சிலர் நுரைத்த சாற்றை இனிப்புப் பானம்போல் குடித்துவிட்டு, இருட்டில் அதே வளைவுகளில் இறங்குகிறார்கள். அந்தப் பாதையில் எங்கள் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

விவசாயிகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செங்குத்தான சரிவில் இயந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை, சிறிய நிலம், விருந்தாளி தரும் பணம் இல்லாமல் பல பண்ணைகள் நிலைக்காது. அந்த நெருக்கடியைப் பயன்படுத்திக்கொண்டு, ஆறு மாதம் முன்பே இருக்கைகளை மொத்தமாக வளைத்து, செப்டம்பரிலிருந்தே தோர்கெலன் என்று அச்சடித்து விற்கும் பயண முகவர்கள்மீதுதான் என் முதல் கோபம். 5 இலட்சத்துச் சொச்சம் பேர் வாழும் இந்த மாகாணத்தில் விருந்தாளிகளின் இரவுத் தங்கல் ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேல். தாங்க முடியாமல்தான் 2022-இல் மாகாண அரசு விடுதிப் படுக்கைகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது. படுக்கைக்கு வரம்பு வந்தது. பகலில் வந்து உண்டு மாலையில் திரும்பும் பேருந்துக்கு அது பொருந்தாது. இரண்டாவது கோபம், காலம் பார்த்து வரப் பொறுமையில்லாமல், படத்துக்கு ஒரு சட்டியும் கோப்பையும் கிடைத்தால் போதும் என்று வந்து குவிகிறவர்கள்மீது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோப்பையில் இருப்பது எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று பலகையில் எழுதி வையுங்கள். கொட்டை உங்கள் மரத்தினுடையதா, வாங்கியதா என்று சொல்லுங்கள். ஒரு மாலைக்கு ஒரே பந்தி வையுங்கள். அதில் ஒரு மேசையைப் பக்கத்து ஊர்க்காரருக்கு ஒதுக்குங்கள். வர விரும்புகிறவர்கள் அக்டோபர் பாதிக்குப் பிறகு வாருங்கள், முடிந்தால் நவம்பரில் வார நாள் ஒன்றில் வாருங்கள். கிளாவ்சன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து செஸ்ட்நட் பாதையில் ஏறி நடந்து வாருங்கள். இடம் கேட்டுத் தொலைபேசும்போது, இந்த ஆண்டின் ஒயின் வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். செப்டம்பர் தொடக்கத்திலேயே "வந்துவிட்டது" என்று பதில் வந்தால், அந்த வீட்டுக்குப் போகாதீர்கள்.