அந்த 'பாரடாக்ஸ்' படங்களைப் பற்றி

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு அண்ணன் எழுதிய பதிலைப் படித்த பிறகு முடியவில்லை. எந்தப் படங்கள், எந்த அண்ணன் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

ஊரில் அவருடைய பங்காளி வீட்டு ரெட்டைக்குழல் துப்பாக்கியின் படங்கள் அவை. 'ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பாரடாக்ஸ், அபூர்வ ரகம், நூற்றுக்கு நூறு ஒரிஜினல்' என்று போட்டிருந்தார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மூன்றாவது படத்தில் குழலுக்கு அடியில் 'நாட் ஃபார் பால்' (Not for Ball) என்ற முத்திரை தெரிகிறதே அண்ணே, அது எப்படி?" மரியாதையாகத்தான் கேட்டேன். வந்த பதில் இது: "பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தாலே போலீஸ் வந்து நிற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்கே துப்பாக்கி சொல்லித் தருகிறாயா தம்பி?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். இவர் சிங்கப்பூர்த் தேக்காவில் எங்களோடு உட்கார்ந்து காப்பி குடித்துப் பழகியவர். வெளியாள் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

சரி, சிரித்தாயிற்று. கேள்விக்குப் பதில் எங்கே?

பாரடாக்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கர்னல் ஃபாஸ்பரி 1885-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. குழல் நெடுக வழவழப்பாக இருக்கும். வாய்ப்பக்கம் கடைசிச் சில அங்குலத்தில் மட்டும் புரி வெட்டியிருப்பார்கள். ரவைத் தோட்டாவும் போடலாம், தனிக் குண்டும் போடலாம். காட்டுக்கோழிக்கும் புலிக்கும் ஒரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக நினைத்த வெள்ளைக்காரர்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இதை விரும்பினார்கள். உரிமையை லண்டன் துப்பாக்கிக் கம்பெனியான ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வாங்கியது. பிறகு மற்ற கம்பெனிகளும் தங்கள் பெயரில் அதே மாதிரி செய்தன. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் 'எக்ஸ்ப்ளோரா' அப்படி வந்ததுதான்.

இப்போது அந்த முத்திரைக்கு வாருங்கள். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் சட்டப்படி வந்தது. வழக்கத்தைவிடக் கனமான மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் இந்த இடங்களில் முத்திரை அடிப்பார்கள். வாய்ப்பக்கம் குறுகலாக, அதாவது சோக் வைத்துக் கடைந்த குழல்களுக்கு அந்தக் காலத்தில் அடித்ததுதான் 'நாட் ஃபார் பால்'. தனிக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை. தனிக் குண்டு போடுவதற்காகவே பிறந்த பாரடாக்ஸில் அந்த முத்திரைக்கு என்ன வேலை? தனிக் குண்டுக்குக் குறிபார்க்க மேலே மடக்குக் குறிமுள் இருக்கிறதே என்கிறார் அண்ணன். இரண்டு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டையில் ஒரு காடி வெட்டி அதைப் பின்னால் எவரும் பொருத்திவிடலாம்.

அபூர்வம் என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். சந்தேகப்படுகிறவன் பொய்யென்று நிரூபிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்தப் பளபளப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் பாராட்டியிருக்கிறீர்கள். "கண்ணாடி மாதிரி இருக்கே!" உண்மைதான், அதுதான் எனக்குக் கவலை. பழைய ரெட்டைக்குழலில் இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்றால் சேர்த்திருப்பார்கள். அதனால் மெதுவாகத் துருவேற்றி, வேகவைத்து, தேய்த்து, மறுபடி துருவேற்றித்தான் கறுப்பாக்குவார்கள். மென்மையான, ஆழமான நிறம் வரும். பிற்காலத்தில் வந்த கொதிக்கும் உப்புக் கரைசல் முறை ஒரே நாளில் மினுமினு கறுப்பைக் கொடுக்கும். ஆனால் அந்தக் கரைசல் பட்டைக்கு அடியில் புகுந்து பற்றையே தின்றுவிடும். கொஞ்ச காலம் கழித்துப் பட்டை கழன்று வரும். ஆக, நூறு வருடத் துப்பாக்கியில் அந்த மினுமினுப்பைப் பார்த்தால் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும்.

மரக்கட்டையைப் பாருங்கள். செய்தபோது மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். படத்தில் மரம் இரும்புக்குக் கீழே பள்ளமாக இருக்கிறது. யாரோ உப்புத்தாள் போட்டு இழைத்திருக்கிறார்கள். பிடிக்கும் இடத்தில் கட்டம் கட்டமான செதுக்கல் தேய்ந்து மழுங்கியிருக்கிறது, பக்கத்தில் இரும்பில் இருக்கும் சித்திரவேலை மட்டும் நேற்று வெட்டியது போலக் கூர்மை. ஒரே கை பட்டுத் தேய்ந்த பொருளில் ஒன்று தேய்ந்து இன்னொன்று தேயாமல் இருக்குமா? திருகாணித் தலைகளின் வெட்டு கிழிந்து கிடக்கிறது. நல்ல லண்டன் வேலையில் அந்த வெட்டுகள் மெல்லியதாக, எல்லாம் நீளவாக்கில் ஒரே திசை பார்த்து நிற்கும்.

இது இங்கிலாந்துத் துப்பாக்கிக்கு மட்டும் உள்ள கதை இல்லை. அமெரிக்காவில் மெரிடன் ஊரில் செய்த பார்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தரத் துப்பாக்கியில் புதிதாகச் சித்திரம் வெட்டி உயர்ந்த தரமாக விற்பது அங்கே பழைய வியாதி. அங்கேயும் காட்டிக்கொடுப்பது மறைவில் இருக்கும் எண்கள்தான். பார்க்கர் ஒவ்வொரு குழலின் எடையையும் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் (ஃபிரேம்) அளவையும் அடியில் அடித்துவைத்தது. குழலின் நுனியை அறுத்திருந்தால் எடை ஒத்துவராது, வாய்ப்பக்கம் இரண்டு குழலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். உண்மையான அபூர்வம் என்றால் அதே பார்க்கரின் 'இன்வின்சிபிள்' தரம்: தெரிந்தவரை மொத்தமே 3. அந்த மூன்றையும் பற்றி எழுதுகிறவர்கள் ஆதாரம் வைத்துப் பேசுகிறார்கள். 'எங்கள் தாத்தா சொன்னார்' என்று முடித்துக்கொள்வதில்லை.

தாத்தா என்றதும் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஜொகூரில் குளுவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி நாசம் செய்யும்போது துரை துப்பாக்கி எடுப்பார். அதைச் சுமந்து போவதும், திரும்பி வந்து துடைத்து எண்ணெய் போடுவதும் தாத்தா. அது 'வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்' என்று தோட்டமே பெருமை பேசுமாம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், அந்தத் துப்பாக்கியின் அடியில் இருந்த முத்திரையைத் தாத்தா பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். முட்டை வடிவம், மேலே ஒரு கிரீடம், உள்ளே மூன்று எழுத்து. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, உருவத்தை மட்டும் மனதில் வைத்திருந்தார். பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் அதே முட்டையைப் பார்த்தேன். பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைச் சாலை. கிரீடம் சேர்ந்தது 1893-இல். துரையின் பெருமை 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்ற பெயரில் பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவுத் துப்பாக்கி. அப்படிப் பெரிய கம்பெனிப் பெயரை ஒட்டிய பெயர்களோடு ஏராளமாக ஏற்றுமதி ஆயின.

துரைக்குத் தெரியாதது என் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கிக்கு உரிமை துரையிடம், அதைப் பற்றிய அறிவு துடைத்த கையில். ஆகவே 'உன்னிடம் துப்பாக்கி இருக்கிறதா?' என்று என்னைக் கேட்பவர்களுக்கு: இல்லை. இருக்கவும் போவதில்லை. வைத்திருப்பவன்தான் பேசலாம் என்றால், என் தாத்தா மாதிரி ஆயிரமாயிரம் பேர் வாழ்நாள் முழுக்க இன்னொருவர் பொருளைத் தாங்கிப் பிடித்துக் கற்றதெல்லாம் குப்பையா? அந்தச் சிரிப்புக் குறி போட்டவர்களில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். உங்களைத்தான் கேட்கிறேன்.

'சிங்கப்பூரில் இருந்துகொண்டு துப்பாக்கி மோகம் எதற்கு' என்றும் ஒருவர் உபதேசம் செய்திருக்கிறார். 1973-ஆம் வருட ஆயுதக் குற்றச் சட்டம் எனக்கும் தெரியும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, என் பிள்ளைகள் இரவில் தனியாக எம்ஆர்டி ரயிலில் வருகிறார்கள். பழைய கைவேலையின் வரலாற்றைப் படிப்பது வேறு விஷயம்.

'அவர் வீட்டுச் சொத்து, ஆசைக்குச் சொல்லிக்கொள்கிறார், உனக்கென்ன?' இதை நல்ல மனதோடு கேட்டவர்களும் உண்டு. அவர் ஆசையோடு நிறுத்தியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கீழே விலை கேட்டிருக்கிறார்கள், பார்க்கவில்லையா? 'உள்பெட்டிக்கு வாருங்கள்' என்று அண்ணனும் பதில் சொல்லியிருக்கிறார். உரிமம் உள்ள யாரோ ஒருவர் பாரடாக்ஸ் என்று நம்பி வாங்கி, குறுகல் வாய்க் குழலில் தனிக் குண்டைப் போட்டுச் சுட்டால் என்ன ஆகும்? போவது பணம் மட்டுமா? குழல் வெடித்தால் குழலைத் தாங்கிய இடது கை போகும்.

'பழுது பார்ப்பதே குற்றமா?' இல்லை. பழுது பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் கோயில் சுவரில் மணல் வீசிச் சுத்தம் செய்து கல்வெட்டை அழித்தார்களே, அந்த மாதிரிதான் இதுவும். சுவர் சுத்தமாக இருக்கும், எவர் கட்டினார் என்ற எழுத்து போய்விடும். தேய்ந்து வெளுத்த இரும்பு, எண்ணெய்க் கறை ஏறிய கட்டை, இவை அந்தத் துப்பாக்கியின் எழுத்து. அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன ஃபாக்ஸ் கம்பெனி ரெட்டைக்குழல் 2010-இல் 8,62,500 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் மினுமினுப்புக்காகக் கொடுத்தது இல்லை. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சந்தேகமில்லாமல் தெரிந்திருந்ததற்காகக் கொடுத்தது.

படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லலாமா என்றால், கூடாது. நானும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு ஏளனம்.

அண்ணே, தொடர் எண்ணை மட்டும் அனுப்புங்கள். ஹாலண்ட் தன் பழைய கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கிறது. எந்த எண் எந்த ரகமாகச் செய்யப்பட்டது என்று எழுதிக் கேட்டால் சொல்வார்கள். கடிதம் நான் எழுதுகிறேன், கட்டணமும் நானே கட்டுகிறேன். பாரடாக்ஸ் என்று பதில் வந்தால் இதே இடத்தில் அதைப் போடுகிறேன். விலை கேட்டவர்கள் அதுவரை யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.