ரீமேப்புக்கும் ஜன்னல் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

டீசல் கார், வாரண்டி முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது. டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, மோட்டார் போச்சு. சர்வீஸில் விட்டேன். சாயங்காலம் அட்வைசர் போன் பண்ணுகிறார்: "சார், இசியூவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கம்பெனி சாஃப்ட்வேர் இல்லை, அதை மாற்றி ரீமேப் பண்ணியிருக்கீங்க. வாரண்டி வராது."

ரீமேப் பண்ணினது உண்மைதான், மறைக்கவும் இல்லை. டர்போ பூஸ்ட்டையும் (இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) டீசல் அளவையும் கூட்டி டார்க்கை, அதாவது இழுவைத் திறனை, ஏற்றியிருக்கிறேன். அதனால் கிளட்ச் சீக்கிரம் தேயலாம், டர்போ அடிவாங்கலாம். அவை போனால் என் கைக்காசு, அதில் எனக்கு வழக்கே கிடையாது. ஆனால் கதவுக்குள் கிடக்கிற மோட்டாரை என் ரீமேப் எப்படி எரிக்கும்? இதைக் கேட்டால் பதில் இல்லை, "சிஸ்டத்தில் க்ளெய்ம் ஏறாது சார்" என்கிறார்கள்.

அமெரிக்காவில் 1975லேயே மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் போட்டுவிட்டார்கள். வெளிப் பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக அங்கே வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். நியாயம் என்றால் அது!

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். போன சர்வீஸில் ஒரு வார்த்தை கேட்காமல் 'அப்டேட்' என்று புது சாஃப்ட்வேரை ஏற்றி, காசு கொடுத்துப் போட்ட ரீமேப்பை அழித்தவர்களும் இவர்களே; அதை நான் மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

எந்த விதிப்படி மறுக்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றேன். "அதெல்லாம் தர முடியாது சார்." நாலு நாளாக ஜன்னலில் பாலித்தீன் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.