பிரேம் போடாமல் படத்தைக் கொடுக்காதேங்கோ

கொழும்பில் பென்சில் போட்ரேட் வரைந்து விற்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், அதைக் காசு கொடுத்து வாங்குகிற ஆக்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படத்தைச் சுருட்டி, றப்பர் பாண்ட் போட்டு, பொலித்தீன் பைக்குள் வைத்துக் கொடுக்கிற பழக்கம் ஒழிய வேண்டும். பிரேம் போடாத படம் கை மாறவே கூடாது. அந்தச் செலவு படத்தின் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். "பிரேம் வேணுமெண்டால் தனி விலை" என்று சொன்னால் பாதிப் பேர் "சரி, பிறகு போட்டுக்கொள்ளுறன்" என்று வாங்கிப்போய் அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள். அந்தப் "பிறகு" வருவதேயில்லை.

காரணம் இந்த ஊர்க் காற்று. வருடத்தில் பெரும்பகுதி கொழும்பின் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேலேதான் நிற்கிறது. தாளில் வரைந்த படங்களைப் பாதுகாக்கிற நூதனசாலைகள் 50 வீதத்தை ஒட்டி வைத்திருக்கப் பாடுபடுகின்றன. 65, 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பொலித்தீனுக்குள் சுருட்டிய தாளில் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். விரல் பட்ட இடம் சீக்கிரம் புள்ளி விழும், ஏனென்றால் வியர்வையும் எண்ணெயும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. வரையும்போது கைக்கடியில் ஒரு வெள்ளைத் தாள் வைக்கச் சொல்வது கரி இழுபடாமல் இருக்க மட்டுமென்று பலர் நினைக்கிறார்கள். இதற்கும்தான்.

"பென்சில் படம் அஞ்சாறு வருசத்தில மங்கிப்போகும்" என்று ஒரு கதை இருக்கிறது. பென்சிலுக்குள் இருக்கிற காரீயம் (கிராபைட்) மங்காது. அது தனிக் காபன், வெயிலுக்கும் அசையாது. நம் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிற காரீயம் உலகத்துக்கே தெரிந்தது. பென்சிலுக்குள் அதுபோன்ற காரீயத்தைக் களிமண்ணோடு கலந்து சுட்டு வைத்திருக்கிறார்கள். களிமண் கூடினால் கடினமான H, குறைந்தால் மென்மையான, கறுப்புக் கூடின B. மங்குவதாகத் தெரிவது தாள் மஞ்சளாவதால். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளி சுருங்க, முகமே சோர்ந்துபோனது மாதிரி இருக்கும். ஆகவே விலை கூடின பென்சில் பெட்டியைத் தேடி அலைவதைவிட அந்தக் காசைத் தாளில் போடுங்கோ. HB, 2B, 4B, 6B நாலும் போதும். தாள் 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் நிறை) குறையாமல், அமிலம் இல்லாதது என்று உறையில் எழுதியிருக்க வேண்டும், அமிலம்தான் தாளை மஞ்சளாக்குகிறது. போட்டோகொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம், ஒரு A4 வெறும் 5 கிராம். அதில் ஒரே இடத்தை மூன்று தரம் அழிறப்பரால் தேய்த்தால் நார் எழும்பிவிடும், பிறகு அந்த இடத்தில் ஷேடிங் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

வோட்டர்கலர் தாளில் இன்னொரு சிக்கல். தாளின் மேலே பூசியிருக்கிற பசை இந்த ஈரத்தில் நாளடைவில் செத்துப்போகும். வெளியே பார்த்தால் புதுத்தாள் மாதிரியே இருக்கும். மூலையில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கோ: துளி குமிழாக நின்றால் நல்லது. விட்ட உடனே உறிஞ்சிக் கறுத்த வட்டமாகிவிட்டால் அதில் நிறம் ஒற்றுத்தாளில் விட்ட மை போலப் பரவும். அதை ஸ்கெச் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ.

கோட்டுக்கு 2H பாவிக்கிறவர்கள் அழுத்தாமல் போடுங்கோ. அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், பின்னால் அதன் மேல் 4B போனாலும் அந்தக் கோடு வெள்ளையாகவே தெரியும். கன்னத்திலும் மூக்கின் ஓரத்திலும் இது வந்தால் முகம் கெட்டுவிடும், திருத்த வழியில்லை. மெல்லிய HB போதும்.

கருமைக்கு வருவோம். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள்ளே நின்று அந்தக் கருங்கல் தூண்களை வரைந்து பார்த்தால் பென்சிலின் எல்லை புரியும். 8Bயை எவ்வளவு அழுத்தினாலும் பளபளப்புத்தான் கூடும். போனில் படம் எடுத்தால் தூணின் நிழலே வெள்ளை அடிக்கும். ஆழமான நிழலுக்குச் சார்கோல் (வரைகிற கரித்துண்டு) வேண்டும். முதலில் சார்கோல், அதன் பிறகுதான் பென்சில். மினுங்குகிற காரீயத்தின் மேல் சார்கோல் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். சார்கோல் போட்டால், அது உதிராமல் தாளோடு பிடித்து வைக்கிற பிக்ஸட்டிவ் ஸ்பிரே அடித்தே ஆக வேண்டும். அதைப் பின்னேர மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் அடிக்காதேங்கோ. ஈரக் காற்றில் அது வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும், உங்கள் கறுப்பெல்லாம் சாம்பலாகும். ஒக்டோபர், நவம்பரில் காலை வெயில் வந்த பிறகு, 30 சென்டிமீற்றர் தூரத்தில் இருந்து, பத்துப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய தரம்.

இனிப் பிரேம். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டி, கழற்றும்போது காரீயமும் சேர்ந்து வரும். இடையில் மவுண்ட் போட் (நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய தடித்த அட்டை) வேண்டும், A4 படத்துக்கு நாலு பக்கமும் 5 சென்டிமீற்றர் விட்டால் அழகாகவும் இருக்கும். படத்தை மேல்விளிம்பில் இரண்டே இடத்தில், அமிலமில்லாத டேப்பால் தொங்கவிடுங்கோ. நாலு மூலையும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். செலோடேப்பும் டபுள் டேப்பும் வேண்டவே வேண்டாம், அந்தப் பசை மஞ்சளாகித் தாளுக்குள்ளே ஊறும். பின்னுக்கு வைக்கிற ஹாட்போட்டில் அமிலம் உண்டு, நடுவில் ஒரு நல்ல தாள் வையுங்கோ. பின்பக்க விளிம்பைச் சுற்றிவர டேப் போட்டு மூடினால் இராமபாணப் பூச்சி உள்ளே போகாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்க பிளாட்டுகளில் தொங்கவிடுகிறவர்கள் கொக்கியைப் பித்தளையில் வாங்குங்கோ, இரும்பு உப்புக்காற்றில் கறள் பிடித்து அறுந்துவிடும். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். எந்தச் சுவராக இருந்தாலும் பிரேமின் கீழ் மூலைகளில் 5 மில்லிமீற்றர் கோர்க் துண்டு இரண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். சின்ன வேலை, ஆனால் படத்துக்குப் பெரிய உதவி.

"பிரின்ட் எடுத்தால் இதைவிட மலிவு" என்று சொல்கிறவர்களோடு வாதாட வேண்டாம். ஒரு முகத்துக்கு ஏழெட்டு மணித்தியாலம் குனிந்திருந்த வேலை, தாள், மவுண்ட், கண்ணாடி எல்லாவற்றையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதிக் கையில் கொடுங்கோ. வாங்குகிறவர்களே, கிறீன் பாத் நடைபாதையிலோ கலா பொல ஓவியச் சந்தையிலோ ஒரு படம் மனதுக்குப் பிடித்தால் விலை கேட்பதற்கு முன் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கோ. டேப் என்ன, அட்டை என்ன, விளிம்பு மூடியிருக்கிறதா என்று வரைந்தவரிடமே கேளுங்கோ.