கூரையை மட்டும் காப்பாற்றினால் போதுமா?

இருபதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலை என்று யார் எழுத உட்கார்ந்தாலும் பாரிஸின் பாம்பிடூ மையத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கும் அந்தக் கட்டடம் பிடிக்கும். ஆனால் அந்த நூற்றாண்டில் பிரான்ஸ் செய்த பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், காய்கறிச் சந்தைக்கும் பொருட்காட்சிக்கும் போட்ட காங்கிரீட் கூரைகளைத்தான் சொல்வேன். அவற்றைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் சில இடங்களில் நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஷாம்பெயின் வட்டாரத்தில் ரான்ஸ் என்றொரு நகரம். முதல் உலகப் போரில் ஜெர்மன் பீரங்கிகள் வருடக்கணக்காக அடித்ததில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. திரும்பக் கட்டும்போது ஊருக்கு நடுவே ஒரு பெரிய சந்தை வேண்டும் என்று முடிவெடுத்து, 1927 முதல் 1929 வரை பூலாங்க்ரான் சந்தைக் கூடத்தைக் கட்டினார்கள். கட்டடக் கலைஞர் எமில் மெக்ரோ, பொறியாளர் எழேன் ஃப்ரெய்சினே. மேம்பாலம் கட்டும் இடங்களில் நீளமான காங்கிரீட் உத்திரங்களுக்குள் எஃகுக் கம்பியை இழுத்து விறைப்பாக வைத்துக் கட்டுகிறார்களே, அந்த முறைக்கு 1928இல் காப்புரிமை வாங்கியவர் இவர்தான்.

சந்தையின் கூரை சுமார் 38 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. நடுவில் ஒரு தூண் கிடையாது. காங்கிரீட்டின் தடிமன் 7 சென்டிமீட்டர் அளவுதான். இது எவ்வளவு மெல்லியது என்று புரிய வேண்டுமானால், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கொட்டாங்குச்சியை இதே விகிதத்துக்கு இழைத்துப் பாருங்கள், கால் மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. இத்தனை மெல்லியது எப்படி நிற்கிறது? காங்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால் எடை அநேகமாக முழுக்க அழுத்தமாகவே தரைக்கு இறங்கும்படி வளைவின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார் ஃப்ரெய்சினே. கூரை நெளியாமல் பிடித்துக்கொள்ளும் விலாக்களை உள்ளே தெரியும்படி வைக்காமல் கூரையின் மேல்பக்கம் வைத்துவிட்டார். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வழவழப்பான வளைவு மட்டும்தான், இரண்டு முனையிலும் கண்ணாடிச் சுவர் வழியாக வெளிச்சம் கொட்டுகிறது.

இந்தக் கூடத்தை 1988இல் மூடினார்கள். பழுது, செலவு, பாதுகாப்பு என்று எல்லாக் காரணமும் இருந்தது, இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1990இல் அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததால் தப்பியது. அப்புறமும் இருபது வருடத்துக்கு மேல் மூடியே கிடந்து, முழுக்கப் பழுது பார்த்து 2012இல் திறந்தார்கள். எதுவாகத் திறந்தார்கள் என்பதுதான் முக்கியம். சந்தையாகவே திறந்தார்கள்! சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பாலாடைக்கட்டி விற்கிற அம்மா ஒரு பக்கம், ஐஸ் மேல் சிப்பியை அடுக்குகிறவர் இன்னொரு பக்கம், முள்ளங்கிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பேரம் பேசாமல் வாங்கிப் போகிற கிழவர், இத்தனை பேரின் பேச்சும் அந்த வளைவில் ஏறி ஒரே இரைச்சலாகத் திரும்பி வருகிறது. டிக்கெட் கிடையாது, கையில் பை இருந்தால் போதும்.

இப்போது பாரிஸுக்கு மேற்கே லா தெஃபான்ஸுக்கு வாருங்கள். அங்கே 1958இல் திறந்த க்னிட் என்ற பொருட்காட்சி மண்டபம் இருக்கிறது. கமெலோ, மய்யி, ஸெர்ஃபுஸ் என்று மூன்று கட்டடக் கலைஞர்கள், பொறியாளர் நிக்கோலா எஸ்கியான், முகப்புக் கண்ணாடிச் சுவரில் ழான் ப்ரூவேயின் கை. முக்கோணத் தரை, மூன்றே மூன்று கால்கள், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே 218 மீட்டர். இவ்வளவு தூரத்துக்கு, முட்டை ஓடு மாதிரி வளைந்த மெல்லிய காங்கிரீட் ஓடு ஒன்றை மட்டும் போட்டால் நெளிந்துவிடும் என்பதால் இரண்டு ஓடுகளைப் போட்டு இடையில் காங்கிரீட் தடுப்புகளால் பிணைத்திருக்கிறார்கள். அந்த ஓடுகளும் சில சென்டிமீட்டர் தடிமன்தான். கால்கள் மூன்றும் வெளிப்பக்கம் அகன்றுவிடாமலிருக்கத் தரைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த உழைப்பு அத்தனையும் எதற்காக? உள்ளே மறைப்பில்லாத ஒரு தரை வேண்டும் என்பதற்காக. தொழில் இயந்திரங்களை, படகுகளை, மலர்க் கண்காட்சியை ஒரே கூரைக்குக் கீழே பரப்பி வைத்து, ஜனங்கள் வந்து சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

1980களின் கடைசியில் அந்தத் தரையை நிரப்பிவிட்டார்கள். அலுவலகங்கள், ஹோட்டல், கடைகள், மாடி மேல் மாடி. நடுவில் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறார்கள், அங்கே நின்றால் கூரையின் ஒரு பகுதி தெரியும். ஆனால் 218 மீட்டரை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. எஸ்கியான் தாண்டிய தூரத்தை நீங்கள் உணரவே முடியாது. வெளியே ஓடு பத்திரமாக இருக்கிறது, அந்த ஓட்டைப் போட்ட காரணம் உள்ளே இல்லை.

இதற்கு நண்பர்கள் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். பொருட்காட்சிகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன, நிலம் தங்க விலை, வருமானம் இல்லாமல் யார் பராமரிப்பார்கள், இடிக்காமல் விட்டார்களே. சரி, பாரிஸ் நடுவில் இருந்த லே ஆல் சந்தையின் இரும்புக் கூடங்களை 1971இல் இடிக்க ஆரம்பித்ததை நினைத்தால் இந்தப் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனாலும் நான் ஏற்கமாட்டேன். தூணில்லாத கூடத்தில் வெற்றிடம்தான் கட்டடம். அதில் தடுப்பு எழுப்பினால் கட்டடத்தின் ஒரு பாகத்தை இடித்ததாகத்தான் கணக்கு. ரான்ஸில் சந்தை நடக்காத நாட்களில் அந்தத் தரையில் வேறு நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். முடிந்ததும் தரை மறுபடி காலி. இப்படியும் செய்யலாம் அல்லவா?

அந்தக் காலத்துக்காரர்களுக்கே இது தெரிந்திருந்தது. பாரிஸை ஒட்டிய க்ளிஷியில் 1930களின் கடைசியில் கட்டிய மக்கள் மாளிகையில் கீழே சந்தை, மேலே கூட்ட அரங்கு. காலையில் மாடித் தரையின் பலகைகளை நகர்த்தி ஓரமாக அடுக்கிவிடுவார்கள், கூரையும் திறக்கும், கீழே காய்கறி வாங்குகிறவருக்கு வானம் தெரியும். மாலையில் பலகைகளைத் திரும்பப் போட்டால் கூட்டமோ சினிமாவோ நடத்தலாம். வேறு வேலை வேண்டுமென்றால் தரையை நகர்த்தினார்கள், சுவர் எழுப்பவில்லை. இதிலும் ப்ரூவேயின் கை உண்டு.

க்னிட் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை போகவில்லை. அந்தக் கூரை நிற்பது தன் மூன்று கால்களில் மட்டும்தான். உள்ளே எழுப்பிய மாடிகளில் எதுவும் அதைத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கழற்றினாலும் ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. 2024இல் அதற்கு அடியிலேயே புறநகர் ரயில் நிலையம் திறந்துவிட்டார்கள், ஜனங்கள் வர வழியும் ஆயிற்று. அடுத்த முறை புதுப்பிக்கிறேன் என்று யாராவது வரைபடத்தை விரித்தால், எந்தக் கடையை எங்கே வைப்பது என்று பேசுவதற்கு முன்னால் எந்த மாடியை முதலில் எடுப்பது என்று பேசட்டும்.