தகுதி பெற்றோம் அண்ணே, போகத்தான் இல்லை

'1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியக் காற்பந்து அணி தகுதியே பெறவில்லை, எல்லாம் கோப்பிக்கடைக் கதை' என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் மாஸ்கோவில் ஆடவில்லை, அது சரி. தகுதி பெறவில்லை என்பதுதான் தப்பு.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், அதாங்க, இப்போது 118 மாடிக் கோபுரத்தின் காலடியில் இருக்கிறதே, அங்கேதான் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி இடம் பிடித்தோம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஹசான் சானி பந்தைக் கொடுக்க, ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ளினார். இருவருமே சபா மாநிலத்துக்காரர்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே நம்ம 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். அந்த நீளமான கைகளைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்!

அப்புறம் ஏன் போகவில்லை? சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் சேர்ந்துகொண்டது. நம் இடத்தில் ஈராக் போய், காலிறுதி வரை ஆடியது. வயிற்றெரிச்சல்தான், என்ன செய்ய.

'ஒலிம்பிக் பக்கமே போனதில்லை' என்று கீழே எழுதிய தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 1972 மியூனிக்கில் ஆடினோம், அமெரிக்காவை 3-0 என்று வென்றோம்.